தொற்றுக் காலத்தில் கான்டாக்ட் லென்ஸ்: கைக்கும் கண்ணுக்கும் 35 குறிப்புகள்

கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. அந்த மாதமே கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. கண் வழியாகவும் கிருமி நுழையலாம் என்கிறார்களே, லென்ஸை எடுத்து வைத்துவிடலாமா? கொஞ்ச நாள் கண்ணாடிக்கு மாறினால் முகத்தைத் தொடுவது குறையும் என்றது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம். கையைக் கழுவி முறையாகப் பயன்படுத்துகிற ஆரோக்கியமானவர்கள் லென்ஸைக் கைவிட வேண்டியதில்லை என்றன கண் பரிசோதகர்களின் அமைப்புகள். லென்ஸ் போட்டால் கொரோனா கூடுதலாகத் தொற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் லென்ஸ் போடுபவருக்குப் பழைய எதிரி ஒன்று உண்டு. அதுதான் கருவிழிப் புண். அழுக்குக் கை, குழாய்த் தண்ணீர், லென்ஸோடு தூக்கம் ஆகிய மூன்றும் அதற்கு வழிவிடுகின்றன. பஸ் ஓடாத, மருத்துவமனைக்குப் போகவே தயங்குகிற நாட்களில் அந்தப் புண் வந்தால் சிரமம் இரட்டிப்பாகும். கீழே உள்ள குறிப்புகள் கொரோனாவை முன்வைத்தவை. ஆனாலும் எந்தத் தொற்றுக் காலத்துக்கும், தொற்றே இல்லாத காலத்துக்கும் பொருந்தும்.

கையும் விரலும்

1. லென்ஸைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கையைத் தேய்த்துக் கழுவுங்கள். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் பின்பக்கம் எல்லாம் நனைய வேண்டும். போடும்போது மட்டுமல்ல, கழற்றும்போதும் இதே கழுவல் வேண்டும். பலர் காலையில் ஒழுங்காகக் கழுவிவிட்டு, இரவில் தூக்கக் கலக்கத்தில் அப்படியே கழற்றிவிடுகிறார்கள். இரவில் இருப்பது நாள் முழுவதும் கதவையும் காசையும் தொட்ட கைதான்.

2. சோப்பு சாதாரணமானதாக இருக்கட்டும். கிரீம் கலந்தது, வாசனை தூக்கலானது, எண்ணெய்ப் பசை உள்ளது ஆகியவை விரலில் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். அது லென்ஸில் ஒட்டிக்கொண்டு பார்வையை மங்கலாக்கும். அடிக்கடி கழுவிக் கை வறண்டுபோனால், கிரீம் தடவுவதை லென்ஸ் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

3. சானிடைசர் சோப்புக்கு மாற்று ஆகாது. அதில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் விரலில் மிச்சம் இருந்தால் லென்ஸ் வழியாகக் கருவிழிக்குப் போய்ச் சுட்டெரிக்கும். சோப்பும் தண்ணீரும் கிடைக்காத இடத்தில் லென்ஸைத் தொடாமல் இருப்பதே நல்லது. சானிடைசர் நேராகக் கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும் லென்ஸைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். சானிடைசர் பாட்டில் குழந்தைகளின் கண் மட்டத்தில் பீச்சியடிக்கும் உயரத்தில் இருக்கக் கூடாது.

4. கழுவிய கையை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். ஈரக் கை என்றால் குழாய்த் தண்ணீரும் லென்ஸோடு கண்ணுக்குள் போகும். பூத்துவாலை நூல் உதிர்க்கும். முந்தானையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் வெளியே போய்வந்தவை. நூல் உதிராத சுத்தமான கைக்குட்டை அல்லது டிஷ்யூ போதும். அதை லென்ஸுக்கென்றே தனியாக வையுங்கள்.

5. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நீள நகம் லென்ஸைக் கிழிக்கும், கருவிழியில் கீறல் போடும். நகத்தடியில் அழுக்கு தங்கும்.

6. கையைக் கழுவிய பிறகு செல்போனைத் தொடாதீர்கள். நடுவில் அழைப்பு வந்து எடுத்துவிட்டால், மறுபடியும் கழுவிவிட்டு வாருங்கள்.

7. எப்போதும் வலது கண்ணில் தொடங்குங்கள். போடுவதானாலும் கழற்றுவதானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தால், லென்ஸ் இடம் மாறாமல் இருக்க இதுவே எளிய வழி. விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். ஓரம் நிமிர்ந்து கிண்ணம்போல் நின்றால் சரி. விளிம்பு வெளியே விரிந்திருந்தால் உள்ளும் புறமும் மாறியிருக்கிறது. சரியாகத் தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டுக் கழற்றினால் கண்ணைத் தொடும் தடவைதான் கூடும்.

8. வாஷ் பேசினுக்கு மேல் நின்று லென்ஸ் போடாதீர்கள். கழிப்பறையோடு சேர்ந்த பேசின் என்றால் கட்டாயம் வேண்டாம். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துக் கண்ணாடி முன் உட்காருங்கள். கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். விழுந்தது ஒருநாள் லென்ஸ் என்றால் எறிந்துவிடுங்கள். மாத லென்ஸ் என்றால் சொல்யூஷனில் தேய்த்துக் கழுவி, முழு நேரம் ஊறவைத்த பிறகே போடுங்கள்.

வெளியே போகும்போதும் திரும்பும்போதும்

9. கிளம்பும்போது முதலில் கை கழுவல், பிறகு லென்ஸ், கடைசியில் மாஸ்க். மாஸ்க்கைக் கட்டிவிட்டு, அதைச் சரிசெய்த விரலோடு கண்ணில் கை வைப்பது தலைகீழான வேலை.

10. திரும்பி வந்ததும் மாஸ்க்கைக் கழற்றுங்கள், கையைக் கழுவுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள், அதன் பிறகு குளியுங்கள். கொரோனா நாட்களில் வெளியே போய் வந்தவர்கள் நேரே குளியலறைக்குப் போனார்கள். நல்ல பழக்கம்தான். லென்ஸோடு போனால் மட்டும் அது கெட்ட பழக்கம். காரணத்தை 16-ஆம் குறிப்பில் பாருங்கள்.

11. வெளியில் இருக்கும்போது கண் உறுத்தினால் கசக்காதீர்கள். லென்ஸோடு போடத் தகுந்தது என்று எழுதியிருக்கும் சொட்டு மருந்தை இரண்டு துளி விட்டு, கண்ணை மூடித் திறந்து பாருங்கள். அடங்காவிட்டால் கையைக் கழுவிவிட்டு லென்ஸைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியவை கண்ணாடி, சுத்தமான லென்ஸ் டப்பா, சின்ன சொல்யூஷன் பாட்டில், சொட்டு மருந்து, காகித சோப்பு.

12. மாஸ்க் போட்டால் கண் காய்கிறதா? மூச்சுக்காற்று மாஸ்க்கின் மேல் விளிம்பு வழியே கிளம்பிக் கண்ணில் அடிப்பதால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. லென்ஸ் போட்டவருக்கு இது இன்னும் தொல்லை. மூக்குக் கம்பி உள்ள மாஸ்க்காக வாங்கி, கம்பியை மூக்கின் வளைவுக்கு அழுத்திவிடுங்கள். நீண்ட நேரம் போட வேண்டியவர்கள் மேல் விளிம்பில் தோலுக்கான மருத்துவ டேப் ஒட்டிக்கொள்ளலாம். இமை மூட முடியாதபடி இழுத்து ஒட்டிவிடாதீர்கள்.

13. கண்ணாடிக்கு மாறியவர்களின் புகார், மாஸ்க் போட்டதும் கண்ணாடியில் ஆவி படிகிறது என்பது. கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். மெல்லிய சோப்புப் படலம் ஆவி துளியாகச் சேராமல் தடுக்கும். மாஸ்க்கின் மேல் விளிம்பு கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். விசேஷப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

14. கண்ணாடி போட்டால் கண் முழுவதும் காப்பாற்றப்படும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டிலும் மேலேயும் திறந்துதான் இருக்கிறது. நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்குப் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியோ முகத்தை மறைக்கும் ஷீல்டோ வேண்டும். அவற்றின் உள்ளே லென்ஸ் போட்டிருப்பதில் தடையில்லை.

15. கிருமிநாசினி தெளிக்கும் இடத்தில் நிற்காதீர்கள். 2020 ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் கிருமிநாசினிச் சுரங்கங்கள் வைத்தார்கள். மனிதர்கள் மேல் இப்படித் தெளிக்கக் கூடாது என்று அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. பிளீச்சிங் கரைசல் கண்ணையும் தோலையும் அரிக்கும், லென்ஸ் போட்டிருந்தால் அதன் அடியிலும் தங்கும். கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குகளும் இப்படித்தான். எரியும் விளக்கைப் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் வலி கிளம்பும். லென்ஸை அந்த வெளிச்சத்தில் காட்டிச் சுத்தம் செய்ய முயல வேண்டாம்.

வீட்டுக்குள்

16. தண்ணீரும் லென்ஸும் சேரவே கூடாது. குழாய், கிணறு, ஆழ்துளைக் கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கேன் தண்ணீர் எதுவானாலும் இதே விதிதான். அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரி தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிறது. சாப்பாடு கிடைக்காதபோது கூடு கட்டி உறங்கும், அந்தக் கூட்டைக் குளோரின் எளிதில் துளைக்காது. லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் புகுந்தால், மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். குளியல், முகம் கழுவல், நீச்சல் எல்லாம் லென்ஸைக் கழற்றிய பிறகே. முகம் கழுவிவிட்டு லென்ஸ் போடுகிறீர்கள் என்றால் இமையும் ஈரம் போகக் காயட்டும்.

17. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், முதல் சொட்டு எண்ணெயைத் தலையில் வைக்கும் முன்பே லென்ஸ் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். எண்ணெயும் சீயக்காயும் கண்ணில் இறங்கியிருக்கும். அன்றைக்குக் கண்ணாடியோடு இருந்துவிட்டு மறுநாள் லென்ஸ் போடுவது கண்ணுக்கு இதம்.

18. ஆவி பிடிக்கும் முன்பும் கழற்றுங்கள். கொரோனா அலைகளின்போது நொச்சி இலை, மஞ்சள், ஓமம் போட்டு ஆவி பிடிக்காத வீடு குறைவு. வெப்பமும் இலைகளின் காரமும் கண்ணை எரிக்கும், லென்ஸைக் காயவைக்கும். சாம்பிராணிப் புகை போடும்போதும் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

19. பச்சை மிளகாய் நறுக்கிய கை, இஞ்சி பூண்டு உரித்த கை, மசாலா பிசைந்த கை ஆகியவை ஒரு முறை சோப்புப் போட்டாலும் காரத்தை விடாது. அதனால் காலையில் சமையலுக்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுங்கள். இரவுச் சமையலுக்கு முன்பே கழற்றிவிடுவது இன்னும் நல்லது. அசைவம் கழுவிய நாளில் இது கட்டாயம்.

20. லென்ஸோடு தூங்காதீர்கள். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, அது ஆக்சிஜனை நேரே காற்றிலிருந்து எடுக்கிறது. இமை மூடியதும் அந்த வரத்து குறைகிறது. லென்ஸும் மேலே இருந்தால் இன்னும் குறைகிறது. லென்ஸோடு உறங்குபவர்களுக்குக் கண் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு வரை கூடும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். வீட்டிலிருந்து வேலை வந்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குட்டித் தூக்கமும் கூடவே வந்துவிட்டது. அந்தத் தூக்கத்துக்கும் இதே சட்டம்தான். தெரியாமல் தூங்கிவிட்டால், எழுந்ததும் இழுத்துக் கழற்றாமல், சொட்டு மருந்து விட்டு லென்ஸ் தளர்ந்த பிறகு எடுங்கள்.

21. திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைப்பவர், கணினி முன் அதில் பாதிகூட இமைப்பதில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளியுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மாமரம் போதும். ஏ.சி. காற்றும் மின்விசிறிக் காற்றும் முகத்தில் நேரே அடிக்காமல் உட்காருங்கள்.

22. வீட்டிலேயே இருக்கும் நாளில் லென்ஸ் எதற்கு? ஆன்லைன் கூட்டத்துக்காக மட்டும் போட்டுக்கொண்டு மீதி நேரம் கண்ணாடியோடு இருங்கள். கண்ணுக்கு ஓய்வு, கைக்கும் வேலை மிச்சம்.

23. மையும் மஸ்காராவும் லென்ஸ் போட்ட பிறகு. அவற்றைக் கலைப்பது லென்ஸைக் கழற்றிய பிறகு. இமையின் உள் விளிம்பில் மை இழுக்காதீர்கள், அங்கேதான் கண்ணீரில் எண்ணெய் சேர்க்கும் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. ஒரே மைக்குச்சியை அக்கா, தங்கை, அம்மா எல்லோரும் பயன்படுத்துவது தொற்றுக் காலத்தில் கூடவே கூடாது.

சொல்யூஷனும் டப்பாவும்

24. பாட்டிலில் ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று போட்டிருந்தாலும் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளங்கையில் லென்ஸை வைத்து, சொல்யூஷன் விட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, புதிய சொல்யூஷனால் அலசுங்கள். வெறுமனே ஊறவைத்தால் படிவு போகாது, அந்தப் படிவில்தான் கிருமி ஒளிந்துகொள்கிறது.

25. நேற்றைய சொல்யூஷன் மேல் இன்றையதை ஊற்றி நிரப்பாதீர்கள். ஊரடங்கில் கடை மூடியிருந்தபோது சிக்கனத்துக்காகப் பலர் செய்த காரியம் இது. ஒரு இரவு வேலை செய்த சொல்யூஷனுக்கு மறு இரவு கிருமியைக் கொல்லும் தெம்பு இருக்காது. பாட்டிலின் மூக்கை விரலிலோ டப்பாவிலோ படவிடாதீர்கள். பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றி வைக்காமல், பயணத்துக்கென்று விற்கும் சின்ன பாட்டிலையே வாங்குங்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதிவைத்து, கம்பெனி சொன்ன கெடு முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

26. சலைன் வேறு, சொல்யூஷன் வேறு. சலைன் அலச மட்டும் உதவும், கிருமியைக் கொல்லாது. வீட்டில் உப்புக் கரைத்துச் சலைன் தயாரிக்கவே கூடாது. 1980-களில் அமெரிக்காவில் அகாந்தமீபா தொற்று வந்த லென்ஸ்காரர்களில் பலர் உப்பு மாத்திரை கரைத்து வீட்டிலேயே சலைன் செய்தவர்கள். கொதிநீர், டெட்டால், சானிடைசர், எச்சில் எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது.

27. ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன், கிருமி நீக்குவதில் சாதாரண சொல்யூஷனைவிட வலுவானது. ஆனால் அதில் இருப்பது 3 சதவீதப் பெராக்சைடு. நேராகக் கண்ணில் பட்டால் தீயாய் எரியும். அதோடு வரும் தனி டப்பாவில் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றும் வில்லை இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அந்த மாற்றம் முடிய 6 மணி நேரமாவது வேண்டும். சாதாரண டப்பாவில் இதை ஊற்றக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் தவறுதலாக எடுத்துவிடாதபடி தனி இடத்தில் வையுங்கள்.

28. லென்ஸ் போட்டதும் டப்பாவில் உள்ள சொல்யூஷனைக் கொட்டி, புதிய சொல்யூஷனால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியையும் டப்பாவையும் கவிழ்த்துக் காயவையுங்கள். குளியலறை அலமாரியில் வேண்டாம், அங்கே ஈரம் காயாது. 3 மாதத்துக்கு ஒரு முறை டப்பாவை மாற்றுங்கள். புதுச் சொல்யூஷன் வாங்கினால் பெரும்பாலும் டப்பாவும் சேர்ந்தே வருகிறது, ஆகையால் செலவு என்ற சாக்கும் இல்லை.

கையிருப்பு

29. லென்ஸ் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். லென்ஸ் பெட்டியின் பக்கவாட்டையும் எடுங்கள். பவரோடு பி.சி. என்ற வளைவு அளவும் டயா என்ற விட்ட அளவும் அதில் இருக்கும். கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கக் கூடாது. பவர் 4-க்கு மேல் போனால் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் எண் மாறும்.

30. ஒன்றிரண்டு மாதத்துக்கான லென்ஸும் சொல்யூஷனும் கையிருப்பில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் கண்ணாடிக்கு மாறுங்கள். ஒருநாள் லென்ஸை இரண்டாம் நாளும், மாத லென்ஸை இரண்டாம் மாதமும் ஓட்டுவது வேண்டாம். மாத லென்ஸின் கணக்கு அந்த லென்ஸின் உறையைத் திறந்த நாளிலிருந்து தொடங்குகிறது, போட்ட நாட்களை மட்டும் எண்ணுவதல்ல. லென்ஸ்காரர் வீட்டில் இன்றைய பவரில் ஒரு கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். கல்லூரியில் படித்தபோது போட்ட பழைய கண்ணாடி உதவாது.

31. கலர் லென்ஸும் மருத்துவப் பொருள்தான். பவர் இல்லாததானாலும் கண் பரிசோதனைக்குப் பின்பே வாங்குங்கள். கல்யாண மேக்கப்புக்காக அழகு நிலையத்தில் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குப் போகும் லென்ஸை அடியோடு மறுத்துவிடுங்கள்.

32. கண்ணாடிக்கு மாறுங்கள் என்ற யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்குக் கண்ணாடியில் பார்வை தெளிவதில்லை. அவர்கள் போடும் கடின லென்ஸும் ஸ்கிளீரல் லென்ஸும் அத்தியாவசியம். புண் ஆற மருத்துவர் வைத்த லென்ஸும் அப்படியே. இவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

உடம்பு சரியில்லாதபோது

33. காய்ச்சல், சளி, தொண்டை வலி தொடங்கிய அன்றே லென்ஸை நிறுத்துங்கள். தும்மலும் மூக்கைத் துடைப்பதுமாக இருக்கும் கை கண்ணுக்குப் போகக் கூடாது. கொரோனா வந்தவர்களில் சிறு பகுதியினருக்குக் கண் சிவப்பும் வந்தது. கடைசியாகப் போட்ட லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிட்டு, குணமானதும் புதிதாகத் தொடங்குங்கள். மெட்ராஸ் ஐ வந்தாலும் இதே முறைதான். சிவப்பு முழுவதும் போய், மருத்துவர் சரி என்ற பிறகே லென்ஸ். கழித்த லென்ஸைப் பேசினிலோ கழிப்பறையிலோ விடாமல், காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். அது மக்காத பிளாஸ்டிக்.

34. கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, நீர் கொட்டுகிறது, பார்வை மங்குகிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. இவற்றில் எது வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றுங்கள், அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கருவிழியைச் சிதைத்துவிடும். ஊரடங்கிலும் இது அவசர சிகிச்சைதான். போனில் படம் அனுப்பி ஆலோசனை கேட்பது முதல் வழிகாட்டலுக்கு உதவும், ஆனால் கருவிழியை ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தே முடிவு செய்ய முடியும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோங்கள், எந்தக் கிருமி என்று சோதித்துப் பார்க்க உதவும். பரிசோதனைக் கருவியின் முன் மாஸ்க்கோடு உட்காருங்கள், பேச்சு அப்புறம். அங்கே மருத்துவரின் முகம் உங்கள் முகத்துக்கு மிக அருகில் இருக்கும். வூகான் கண் மருத்துவர் லீ வென்லியாங், அறிகுறியே இல்லாத ஒரு கண் அழுத்த நோயாளியிடமிருந்து தமக்குத் தொற்றியதாகச் சொன்னவர். 2020 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தார்.

35. கை வைத்தியம் வேண்டாம். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் எதுவும் சிவந்த கண்ணில் விடக் கூடாது. அதைவிட ஆபத்து, மருந்துக் கடையில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. நம் ஊர்களில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் அதிகம். மதுரை வட்டார ஆய்வுகள் இதைப் பலமுறை காட்டியிருக்கின்றன. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறைந்து குணமானதுபோல் தெரியும், உள்ளே புண் ஆழமாகப் பரவும். சீட்டு இல்லாமல் கண் மருந்து வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டையும் வாங்கிவராதீர்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவர்கள் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த கை, தண்ணீர் படாத லென்ஸ், லென்ஸ் இல்லாத தூக்கம். சந்தேகம் வந்தால் கண்ணாடி இருக்கவே இருக்கிறது. லென்ஸைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கருவிழிக்கு யாராவது கண் தானம் செய்திருக்க வேண்டும்.